மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்சிமுனைகள்: இ-பாஸ் எடுப்பதிலிருந்து மலையிறங்குவது வரை

மலையேறிக் காட்சிமுனை பார்க்கக் கிளம்புகிற பலருக்கும் நடப்பது இதுதான். சோதனைச்சாவடியில் வெகுநேரம் நிற்பார்கள், டிக்கெட் வரிசையில் இன்னும் கொஞ்ச நேரம் போகும், கடைசியில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் எதிரே வெள்ளையாகப் பனிமூட்டம் மட்டும் இருக்கும். இடத்தில் குறை ஒன்றும் இல்லை. மாதம், நேரம், அனுமதி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று தவறியிருக்கும். இந்த மூன்றோடும் நன்றாக மல்லுக்கட்டிய பிறகுதான் எது எப்படி நடக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. முதல்முறை போகிறவர்கள் அந்தப் பாட்டைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, தேனி மாவட்ட மலைகள், அவற்றை ஒட்டிய மூணாறு பக்கம் வரைதான் இதில் வருகிறது.

1. முதலில் மாதம், அப்புறம்தான் இடம்

பெரும்பாலோர் "ஊட்டியா, கொடைக்கானலா" என்று தொடங்குகிறார்கள். நீங்கள் போகப்போகும் மாதத்தில் மலையின் எந்தப் பக்கம் மழை என்பதை முதலில் பாருங்கள்.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை மேற்கு முகத்தில் அடிக்கும். வால்பாறை, மூணாறு, கூடலூர், ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சி எல்லாம் அந்தப் பக்கம். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த நான்கு மாதத்தில் அங்கே காட்சிமுனைக்கென்று போவது வீண் செலவு. அருவியும் பச்சையும் பார்க்கப் போகலாம், அது வேறு. அதே காலத்தில் கிழக்கு முகமான கோத்தகிரி பக்கம் மழை குறைவு, பள்ளத்தாக்கு கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவுகளில் பெய்யும். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மண்சரிவு, மலை ரயில் ரத்து என்ற செய்திகள் வருவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரைதான் என் கணக்கில் முதல்தரமான காலம். குளிர் கடுமையாக இருக்கும், ஊட்டியில் உறைபனி விழும், ஆனால் காற்று துல்லியமாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் மழை இல்லை என்று நம்பிப் போகிறவர்களுக்குத் தூசியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்த மங்கல்தான் கிடைக்கும். தூரத்து மலையெல்லாம் சாம்பல் பூசியதுபோல இருக்கும். கோடைமழை ஒன்று பெய்துவிட்டால் மறுநாள் காலை எல்லாம் கழுவிவிட்டதுபோல் தெளிந்துவிடும். மழை பெய்த மறுநாள் காலையை எந்த மாதத்திலும் விட்டுவிடாதீர்கள்.

2. இ-பாஸ்: கிளம்புவதற்கு முந்தைய நாளே

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. இதில்தான் புதிதாகப் போகிறவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாஸ் இலவசம். இதை முதலில் மனதில் வையுங்கள். "பாஸ் எடுத்துத் தருகிறோம்" என்று 100, 200 வாங்குகிற கடைகளும் ஆட்களும் அடிவாரத்தில் உண்டு. பார்ப்பதற்கு அரசுத் தளம்போல இருக்கிற பக்கங்களும் தேடலில் வரும். மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்துக்குப் போய், அங்கே கொடுத்திருக்கும் இணைப்பு வழியாக இ-பாஸ் பக்கத்தைத் திறப்பதுதான் பாதுகாப்பு. எங்கேயாவது பணம் கட்டச் சொன்னால் அது சரியான பக்கம் இல்லை.

உள்ளே போனதும் கைபேசி எண் கேட்கும், ஓ.டி.பி. வரும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் கொண்டு பதியலாம். பிறகு வண்டி எண், வண்டி வகை, எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எங்கே தங்குகிறீர்கள் என்பதையெல்லாம் நிரப்ப வேண்டும். முடித்தால் க்யூ.ஆர். குறியீட்டோடு பாஸ் வரும். சோதனைச்சாவடியில் அதைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள். விவரங்கள் கையில் இருந்தால் பத்து நிமிட வேலைதான்.

சிக்கல் வருகிற இடங்கள் இவை:

பாஸ் வண்டிக்குத்தான், ஆட்களுக்கு அல்ல. வாடகை வண்டியில் போகிறீர்கள் என்றால் எந்த வண்டி வரும் என்று முந்தைய நாள் மாலையே பதிவு எண்ணோடு உறுதி செய்யுங்கள். காலையில் "அந்த வண்டி ரிப்பேர், இது வருது" என்று வேறு எண் வந்தால் பழைய பாஸ் செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும்.

ஊட்டிக்கு எடுத்த பாஸ் கொடைக்கானலுக்கு ஆகாது. ஒரே பயணத்தில் இரண்டும் போகிறீர்கள் என்றால் இரண்டு பாஸ்.

நாளுக்கு இவ்வளவு வண்டி என்று உச்சவரம்பு வைப்பதும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000, வாரக்கடைசியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வைத்தார்கள். கோடை விடுமுறையில் சனிக்கிழமைக்கான பாஸை வெள்ளி இரவு தேடினால் கிடைக்காமல் போகலாம். அறை முன்பதிவு செய்த அன்றே பாஸையும் எடுத்துவிடுங்கள்.

"நம்ம ஓட்டல்ல தங்கினா பாஸ் வேண்டாம்" என்று தொலைபேசியில் சொல்கிற விடுதிகளை நம்பாதீர்கள். சாவடியில் நிறுத்தும்போது அவர்கள் வந்து நிற்க மாட்டார்கள்.

பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், முடிந்தால் ஒரு பிரதி அச்சிட்டுக்கொள்ளுங்கள். கொடைக்கானல் பாதையில் காமக்காப்பட்டி, நீலகிரிக்குக் கல்லார், குஞ்சப்பனை போன்ற சாவடிகளில் வரிசை நகரும்போது கைபேசியில் இணையம் சுற்றிக்கொண்டே இருந்தால் உங்களை ஓரங்கட்டச் சொல்வார்கள். நான் பார்த்த ஒரு குடும்பத்தில் அப்பா கைபேசியை வண்டிக் கூரைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், மகள் வரும் ஓ.டி.பி.யைப் படிக்கத் தயாராக எக்கி நின்றாள், பின்சீட்டில் பாட்டி வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தார். பத்து நிமிட வேலை, முந்தைய இரவு வீட்டில் முடித்திருக்கலாம்.

அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் வேண்டாம். நீலகிரிப் பதிவு எண் கொண்ட வண்டிகளுக்கும் நீலகிரிக்குள் தேவையில்லை.

3. வனத்துறை அனுமதி தனி

இ-பாஸ் இருந்தால் எல்லா இடத்துக்கும் போகலாம் என்று எண்ண வேண்டாம். அது மலைக்குள் நுழையத்தான். காட்டுக்குள் இருக்கும் இடங்களுக்கு வனத்துறை வேறாக அனுமதி தர வேண்டும்.

கொடைக்கானலில் பேரிஜம் ஏரியும், அந்த வழியில் வருகிற காட்சிமுனைகளும் இந்த வகை. கொடைக்கானலிலேயே வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், நாளுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்குத்தான் தருவார்கள். முதல் நாள் மாலை விடுதியில் "நாளைக்குப் பேரிஜம் திறந்திருக்கிறதா" என்று கேளுங்கள். யானை நடமாட்டம் இருந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் மூடிவிடுவார்கள். அவர்களிடம் வாக்குவாதம் செய்து பயனில்லை, செய்யவும் கூடாது. அது யானையின் வழி.

இறங்கி நடந்து மலையேறுகிற எண்ணம் இருந்தால் விதிகள் இன்னும் கண்டிப்பு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு, அனுமதி இல்லாத பாதையில் நடப்பது எங்கும் குற்றம். வனத்துறையே 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை இணையவழி முன்பதிவோடு திறந்திருக்கிறது, வழிகாட்டியும் உடன் வருவார். கட்டணம் பாதையைப் பொறுத்துச் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை. காட்டுத்தீக் காலத்தில், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, பாதைகளை மூடிவைப்பார்கள். அந்த மாதங்களில் "நான் கூட்டிப்போறேன்" என்று யாராவது தனியாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டி ஈனும் காலத்துக்காகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடுவார்கள். பொங்கல் விடுமுறையில் போகாமல் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் வாசலில் நின்று திரும்புகிறார்கள்.

4. வண்டியும் தாள்களும்

ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகிய நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், ஆனால் சிக்னல் இருக்கும்போதே திறந்து சேமித்து வையுங்கள். ஆளுக்கொரு அடையாள அட்டை.

தமிழ்நாட்டு டாக்சியில் மூணாறு போவதானால் கேரள எல்லையில் வரி, பெர்மிட் செலவு யார் தலையில் என்று வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள். எல்லையான போடிமெட்டில் வைத்துப் பேசினால் உங்கள் தலையில்தான். நண்பரின் நண்பர் வெள்ளைப் பலகை வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை, வாடகைக்குத் தருகிறார் என்றால் வேண்டாம். விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

5. காட்சிமுனை காலை வேலை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கிவிடும். அதிகாலையில் பார்த்தால் மேகம் உங்களுக்குக் கீழே கிடக்கும். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகும், ஈரக்காற்று மேலே ஏறும், பத்து பதினோரு மணிவாக்கில் அந்த மேகம் வேலிக்கு வந்துவிடும். அப்புறம் மாலை வரை அது விலகுவதும் மூடுவதும் அதிர்ஷ்டம்தான்.

சுற்றுலா வண்டிக்காரர்கள் தரும் அட்டவணை இதற்கு நேர்மாறு. காலையில் பூங்கா, படகு, சாக்லேட் கடை, மதியம் சாப்பாடு, மூன்று மணிக்குக் காட்சிமுனை. வண்டி பேசும்போதே மாற்றச் சொல்லுங்கள்: விடியலில் காட்சிமுனை, பிறகு காலைச் சாப்பாடு, பூங்காவும் அருங்காட்சியகமும் மதியத்துக்கு. ஓட்டுநர் சீக்கிரம் எழ வேண்டும் என்பதால் தயங்குவார். கூடக் கொஞ்சம் கொடுத்தாலும் தகும். ஒரு நாளைக்கு இரண்டு முனை, அதிகம் போனால் மூன்று. "பன்னிரண்டு பாயிண்ட்" என்று விற்கிற பயணத்தில் ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம்தான் நிற்பீர்கள்.

டிக்கெட் கொடுத்து உள்ளே விடுகிற இடங்கள் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முந்தைய நாள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 6 டிகிரி குளிர் கூடும், காற்று வேறு. ஸ்வெட்டர் பெட்டிக்குள் இல்லாமல் கையில் இருக்கட்டும்.

6. எங்கே போகலாம்

நீலகிரியில் எல்லோரும் போவது தொட்டபெட்டா. 2,637 மீட்டர், நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம். போகலாம், ஆனால் விடுமுறை நாளில் சந்திப்பிலிருந்தே வண்டி நிற்கும். திறந்தவுடன் போகமுடியாவிட்டால் விட்டுவிடுங்கள் என்பேன்.

ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் கோடநாட்டைச் சொல்வேன். கோத்தகிரியிலிருந்து 16 கிலோமீட்டர் கிழக்கே, மலை சட்டென்று முடிகிற இடம். கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கு, காட்டு நடுவே ஆறு வளைந்து வளைந்து போகும். அந்தப் பழுப்புக் காட்டுக்குள் ஒரு சின்னப் பச்சைத் துண்டு தெரிந்தால் அது தெங்குமரஹடா கிராமத்தின் வயல். தெளிந்த காலையில் பவானிசாகர் நீர்ப்பரப்பு கிழக்கே பளிச்சென்று வரும். ஒரு பக்கம் ரங்கசாமி சிகரம் கூம்பாக நிற்கும். முதலில் ஒன்றும் பிடிபடாது. பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால்தான் எது ஆறு, எது வண்டித்தடம் என்று கண்ணுக்குப் பிரியத் தொடங்கும். பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள்.

குன்னூர் பக்கம் டால்பின் நோஸ், வழியிலேயே லாம்ப்ஸ் ராக். டால்பின் நோஸிலிருந்து எதிர்ச்சரிவில் கேத்தரின் அருவி விழுவது தெரியும். சாலை குறுகலானது, ஒன்பது மணிக்கு மேல் எதிரெதிரே வண்டி வந்தால் பின்னால் எடுத்து எடுத்தே நேரம் போகும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற வழியில் ஊசிமலை. மழை மாதங்கள் தவிர மற்ற நாட்களில் நல்ல இடம்.

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் நகரத்திலேயே இருக்கிறது, ஒரு கிலோமீட்டர் நடைபாதை, வயதானவர்களை அழைத்துப்போக ஏற்றது. தூண் பாறைகள் 122 மீட்டர் உயரத்துக்கு நிற்பவை, ஆனால் மூடுபனி முதலில் விழுங்குவதும் அவற்றைத்தான். காலையில் முதல் வேலையாக அங்கே போங்கள். பசுமைப் பள்ளத்தாக்கில் வைகை அணை வரை தெரியும், குரங்குத் தொல்லையும் உண்டு. கையில் தின்பண்டப் பை வேண்டாம். வட்டக்கானல் டால்பின் நோஸுக்கு இறங்கி நடக்க வேண்டும். போகும்போது இறக்கம், வரும்போது செங்குத்து ஏற்றம், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே பாறை விளிம்பில் தடுப்பு கிடையாது. ஈரப்பாறையில் புகைப்படத்துக்காக ஓரம் போகாதீர்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

வரைபடத்தில் கொடைக்கானலும் மூணாறும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் பழைய சாலை இருக்கிறது என்று கேள்விப்பட்டும் இருப்பீர்கள். அதில் பொதுமக்களின் வண்டிகளை விடமாட்டார்கள். மலையிறங்கி, பழனி–உடுமலை வழியாகவோ வத்தலக்குண்டு–தேனி–போடி வழியாகவோதான் மறுபடி ஏற வேண்டும். முழு நாள் போய்விடும், அன்றைக்கு வேறு எதுவும் திட்டம் வைக்காதீர்கள்.

வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட், கீழே ஆழியாறு அணையும் பொள்ளாச்சிச் சமவெளியும். ஏறும்போதே காலை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். மேலே நல்லமுடி பூஞ்சோலை அமைதியான இடம். தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து விளிம்புக்குப் போனால் எதிரே ஆனைமுடி, 2,695 மீட்டர், மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உயரமானது. இங்கேயிருந்து மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகக் கேரளம் இறங்குகிறவர்கள் காட்டுச் சாலைக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதை மறக்காதீர்கள். நுழையும் நேரத்தைச் சாவடியில் குறித்துக்கொள்வார்கள், மாலையில் மூடிவிடுவார்கள், வழியில் இறங்கக் கூடாது. மதியத்துக்குள் சாவடியைத் தாண்டுவதுபோல் கிளம்புங்கள்.

தேனிப் பக்கம் மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து 18 வளைவுகள். புலிகள் காப்பகப் பகுதி, இரவில் விடமாட்டார்கள். இரவங்கலாறு வரை போனால் மகாராஜா மெட்டு. கம்பம் மெட்டு வழியாகக் கேரளத்துக்குள் ஏறினால் ராமக்கல்மேடு. காற்று ஆளைத் தள்ளும், கம்பம் பள்ளத்தாக்கு வயல்கள் கட்டம் கட்டமாகக் கீழே விரியும்.

கொழுக்குமலைக்குப் போக சூரியநெல்லியிலிருந்து ஜீப்தான், சொந்த வண்டி ஏறாது. சூரிய உதயத்துக்கு அதிகாலை நான்கு மணிவாக்கில் கிளம்ப வேண்டும். கட்டணம் ஆளுக்கல்ல, ஜீப்புக்கு, 2,000 ரூபாய்க்கு மேல். இரண்டு பேராகப் போனால் முந்தைய மாலை சூரியநெல்லியில் வேறு ஆட்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். பாதை முழுக்கக் கற்கள். கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் தவிர்ப்பது நல்லது.

டாப் ஸ்டேஷன் மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர். மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளில் போகும்போது நிற்காமல் நேரே போய்விடுங்கள், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் நின்று நின்று வருவதால் டாப் ஸ்டேஷனுக்கு மேகம் வந்த பிறகுதான் வந்து சேர்கிறார்கள்.

7. செலவு

நுழைவுக் கட்டணங்கள் பெரிதில்லை, பெரும்பாலும் ஆளுக்கு 10 முதல் 50 ரூபாய்க்குள். வண்டி நிறுத்தம், கேமரா என்று கூடச் சேரும். இதற்கெல்லாம் சில்லறையாகப் பணம் வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் யு.பி.ஐ. கைகொடுக்காது. உண்மையான செலவு வண்டியும் அறையும்தான், அது மே மாதத்திலும் தொடர் விடுமுறையிலும் இரட்டிப்பாகும். செவ்வாய், புதன் கிழமைகளில் போக முடிந்தால் போங்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு ஏறாதீர்கள். நீலகிரியில் சாவடியிலேயே எடுத்துவிடுவார்கள், கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள்.

8. இறங்கும் நாள்

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் கருகல் வாடை வரும். வந்தால் உடனே அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மேலே ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிற நீங்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி குறுக்குவழியாகத் தெரியும். 36 வளைவுகள், கடும் இறக்கம், வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்து வைப்பார்கள். கோடநாட்டைக் கடைசி நாள் காலைக்கு வைத்துக்கொண்டால் அப்படியே இறங்கிவிடலாம்.

மைசூர் பக்கம் போகிறவர்களுக்குப் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். சத்தியமங்கலம் திம்பம் சாலையிலும் கார்களுக்கு அதே நேரம்தான், சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணிக்கே தடை. மாலை 4 மணிக்குள் ஊட்டியை விட்டுக் கிளம்பினால் வழியில் டீ குடிக்க நின்றாலும் கேட் மூடுவதற்குள் தாண்டிவிடலாம்.